வீட்டிலிருந்து செய்தால் வேலை 18 சதவீதம் குறையுமாமே, உண்மையா?

வாசகர் கடிதம்:

"வணக்கம். பெருங்குடியில் ஒரு மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை) கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 31, வீடு ஊரப்பாக்கம். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்த வேலை இன்றுவரை வீட்டில்தான். போன வாரம் மீட்டிங் வைத்து, அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர், 'நம்ம சென்னையிலேயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, வீட்ல இருந்து பார்க்கிறவங்க 18 சதவீதம் கம்மியாத்தான் பண்றாங்க' என்று ஒரு ஸ்லைடு காட்டினார். நான் ஒரு மாதம்கூட டார்கெட் தவறவிட்டதில்லை, குவாலிட்டி ஸ்கோர் 97க்குக் கீழே போனதில்லை. ஆனால் டீம் லீட் பதவி மட்டும் ஆபீஸ் போகிறவர்களுக்கே கிடைக்கிறது. மகனுக்கு இரண்டு வயது. மாமியார் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு முட்டி வலி, நாள் முழுக்க அவன் பின்னால் ஓட முடியாது. பகலில் விட்டுப்போன சார்ட்டுகளை (நோயாளிகளின் குறிப்புகளை) அவன் தூங்கின பிறகு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து முடித்துவிடுவேன். கணவருக்கு மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலை. 'இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு, விட்டுடு' என்கிறார். வேறொரு கம்பெனி முழுக்க வீட்டிலிருந்தே வேலை தருகிறது, ஆனால் இப்போது வாங்கும் 42,000க்குப் பதில் 36,000தான். அந்த ஆராய்ச்சி உண்மையா? வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? என்ன செய்யட்டும்?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அப்படி ஓர் ஆராய்ச்சி இருக்கிறது, சென்னையில்தான் நடந்தது, 18 சதவீதம் என்ற எண்ணும் சரிதான். உங்கள் மேனேஜர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வில் உங்களைப் பற்றிய பகுதி அந்த எண்ணுக்கு அப்புறம்தான் வருகிறது, அதை அவர் ஸ்லைடில் போடவில்லை. அவரே முழுசாகப் படித்தாரா, யாரோ அனுப்பிய ஒரு வரியை எடுத்துப் போட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தொழிலாளர் உறவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த மாதிரி 'ஆராய்ச்சி சொல்கிறது' என்று ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றிப்போடுவதைப் பார்த்தால் உண்மையாகவே கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டேவிட் அட்கின், ஆன்ட்வனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்து, யார் வீட்டிலிருந்து செய்வது, யார் ஆபீஸ் வருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வேலைக்கு வந்தவரின் விருப்பத்துக்கு விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவரவர் விருப்பத்துக்கு விட்டால், ஒரு வகை ஆட்கள் வீட்டையும் இன்னொரு வகை ஆட்கள் ஆபீசையும் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் வேகம் கூடியதோ குறைந்ததோ இடத்தாலா ஆளாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டுப் பார்த்ததில் வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை ஆபீசில் செய்தவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலிருந்தே தெரிந்தது. மிச்சம் ஒரு பங்கு, நாளாக நாளாக ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

உங்கள் மேனேஜர் இங்கே நிறுத்திக்கொண்டார். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. குலுக்கலுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து செய்யவே விரும்பியவர்கள், ஆரம்பத்தில் வைத்த சோதனையில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் இருந்தார்கள். அதாவது வீட்டு வேலை கேட்கிறவர் சோம்பேறி என்று பல ஆபீஸ்களில் ஒரு எண்ணம் ஓடுகிறதே, அதற்கு நேர்மாறாக, திறமை கூடியவர்கள்தான் வீட்டைக் கேட்டார்கள். ஆனால் அதே ஆட்களுக்குத்தான் வீட்டில் அடி அதிகம் விழுந்தது. ஆபீசை விரும்பியவர்கள் வீட்டில் இருந்தபோது 13 சதவீதம் இழந்தார்கள் என்றால், வீட்டை விரும்பியவர்கள் வீட்டில் இருந்தபோது 27 சதவீதம் இழந்தார்கள்.

இது எப்படி என்று தோன்றும். எந்த இடத்தில் தனக்கு வேலை ஓடாதோ அந்த இடத்தையே ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? ஆய்வு இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. குழந்தை உள்ளவர்கள், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், வசதி குறைந்த குடும்பத்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபீஸ் போவது கடினம். அதனால் வீட்டைக் கேட்கிறார்கள். ஆபீசுக்குப் போக முடியாமல் செய்கிற அதே காரணம்தான் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யவும் விடுவதில்லை. பிடித்துக் கேட்டதாக வெளியில் தெரிவது, உள்ளே பார்த்தால் வேறு வழியில்லாமல் கேட்டது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் டார்கெட் தவறியதில்லை, குவாலிட்டி 97 என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், அது பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி, பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து மிச்ச சார்ட்டை முடிப்பேன் என்பதுதான். சென்னை ஆய்வு பார்த்தது வேலையின் வேகத்தை, அதாவது குறிப்பிட்ட நேரத்தில் பிழையில்லாமல் எவ்வளவு முடிகிறது என்பதை. உங்கள் கம்பெனி பார்ப்பது ஒரு நாளைக்கு எத்தனை சார்ட் என்பதை. எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய சார்ட் பத்து மணி நேரத்தில் முடிந்தாலும் டார்கெட் பலகையில் அது ஒன்றுதான். அந்த இரண்டு மணி நேரம் கம்பெனி கணக்கில் எங்கேயும் இல்லை. அது உங்கள் தூக்கத்திலிருந்து போகிறது. டார்கெட் எட்டிவிட்டேன், அதனால் அந்த ஆராய்ச்சி எனக்குப் பொருந்தாது என்று நீங்கள் வாதாடினால், நாளைக்கு அவர்கள் லாக்-இன் நேரத்தை எடுத்துப் போட்டு உங்களை மடக்கலாம். முதலில் உங்களிடமே உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள்: இந்த வீட்டு ஏற்பாடு உங்களுக்கும் நன்றாக ஓடவில்லை, உங்கள் உடம்பைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் ஒருவருடைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். மைக்கேல் கிப்ஸ், ஃப்ரீடரிக்க மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ரோத் மூவரும் ஒரு பெரிய இந்திய ஐ.டி. கம்பெனியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்துக் கோவிட் காலத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். வேலை பார்த்த நேரம் கூடியிருந்தது, முடித்த வேலை கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 8 முதல் 19 சதவீதம் வரை வீழ்ச்சி. மீட்டிங் பெருகிவிட்டது, யாரும் குறுக்கிடாமல் ஒரே மூச்சாக வேலை செய்யும் நேரம் சுருங்கிவிட்டது. வீட்டில் குழந்தை உள்ளவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். அது பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்த ஊரடங்குக் காலம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் நேரம் கூடி வேகம் குறைகிற அந்தப் படம், உங்கள் ராத்திரி பத்து மணிக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

சரி, அப்படியானால் மேனேஜர் சொன்னதுதான் சரி, ஐந்து நாளும் போய்விட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. அவர் காட்டாத ஆய்வுகள் இன்னும் இருக்கின்றன.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் ஷாங்காயில் ஒரு பயண ஏற்பாட்டுக் கம்பெனியின் கால் சென்டரில் 2010-11இல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். விருப்பம் தெரிவித்தவர்களுக்குள் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒரு பாதியை வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்த 13இல் சுமார் 9, இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடம் வேலை பார்த்ததால் வந்தது, மிச்சம் 4 அமைதியான இடத்தில் அழைப்புகளை வேகமாக முடித்ததால்.

சென்னையில் 18 குறைந்தது, ஷாங்காயில் 13 கூடியது, இரண்டில் எது பொய்? இரண்டும் உண்மை. ஷாங்காய் கம்பெனி யாரை அனுப்பியது என்று பாருங்கள்: தானாகக் கேட்டவர், குறைந்தது ஆறு மாதமாவது அங்கே வேலை பார்த்தவர், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் வேலைக்கென்று தனி அறையும் நல்ல இணைய வசதியும் உள்ளவர். சென்னையில் போனவர்கள் வேலைக்குப் புதியவர்கள், குலுக்கலில் விழுந்ததால் போனவர்கள். தனி அறை உள்ள அனுபவசாலி ஒரு பக்கம், இன்னும் வேலையே பிடிபடாத புது ஆள் மறுபக்கம். வீடு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலையிடங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஷாங்காய் சோதனை முடிந்த பிறகு எல்லோரையும் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பாதிப் பேருக்கும் மேல் மனம் மாறினார்கள், தனிமை தாங்காமல் ஆபீசுக்குத் திரும்பியவர்கள் அதில் நிறைய. அனுபவித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு ஆதாயம் 22 சதவீதமாக உயர்ந்தது. எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஒரு தடவை முயன்று பார்த்து, தனக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துகொண்டு, மாற்றிக்கொள்ளவும் வழியிருக்க வேண்டும். அந்த வழியை அடைப்பதுதான் தவறு, ஐந்து நாளும் வா என்பதானாலும் சரி, ஐந்து நாளும் வீட்டிலேயே இரு என்பதானாலும் சரி.

ஆனால் அதே ஆய்வில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே அளவு நன்றாக வேலை செய்தாலும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. டீம் லீட் பதவி ஆபீஸ் போகிறவர்களுக்கே என்று எழுதியிருந்தீர்களே, அது உங்கள் மனப்பிரமை அல்ல.

அடுத்தது, நான் உங்களுக்குச் சொல்லப்போகும் யோசனைக்கு அடிப்படையான ஆய்வு. அதே புளூமும் கூட்டாளிகளும் அதே கம்பெனியில், இப்போது ட்ரிப்.காம் என்று பெயர், 1,612 பேரிடம் ஆறு மாதம் நடத்தியது. 2024இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. இவர்கள் பொறியாளர்கள், மார்க்கெட்டிங், கணக்குத் துறை ஆட்கள். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், புதனும் வெள்ளியும் வீடு. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். குறிப்பாகப் பெண்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள், மேலாளர் பதவியில் இல்லாதவர்கள், இந்த மூன்று வகையினரிடம்தான் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. மூன்றும் நீங்கள்தான். அடுத்த இரண்டு ஆண்டுக்கு அவர்களுடைய வேலை மதிப்பீட்டையும் பதவி உயர்வையும் தொடர்ந்து பார்த்தார்கள், வித்தியாசமே இல்லை. இன்னொரு விஷயம், சோதனைக்கு முன்னால் அங்கிருந்த மேலாளர்களைக் கேட்டபோது சராசரியாக உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று நினைத்தார்கள், முடிந்த பிறகு கேட்டபோது 1 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். மேலாளர்களின் மனசு மாறும், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் மாறும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். ஆறுதலுக்காகச் சுற்றிவளைக்க மாட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்வதைத் தனி உரிமையாகத் தருகிற சட்டம் நம் நாட்டில் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கும் உரிமை வந்துவிட்டது. அங்கேயும் அது கேட்கிற உரிமைதான், கிடைத்தே தீரும் உரிமை அல்ல. இங்கே நமக்கு இருப்பது, 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த ஒரு பிரிவு: மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை அனுமதித்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பது. 'இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்' என்று இருப்பதால் அதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் அதே திருத்தத்தில் கட்டாயமான ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கேட்பதே இல்லை. 50 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரவேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது தொடர்கிறது. உங்கள் கம்பெனியில் 50 பேருக்கு மேல் நிச்சயம் இருப்பார்கள். ஐந்து நாளும் வா என்று சொல்கிறவர்களிடம் காப்பகம் எங்கே என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சண்டைக்காக அல்லாமல் சாதாரணமாக, மெயிலில் ஒரு வரியாகக் கேளுங்கள்: 'ஆபீசுக்கு வருவதற்கு வசதியாக, சட்டப்படியான குழந்தைகள் காப்பக வசதி எங்கே இருக்கிறது, எப்படிப் பதிவு செய்வது என்று தெரிவிக்கவும்.' இவ்வளவுதான். எச்.ஆரின் பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்வது. முழுக்க வீட்டிலேயே இருக்கிறேன் என்று கேட்காதீர்கள். அது கிடைக்காது என்பதால் சொல்லவில்லை, கிடைத்தாலும் உங்களுக்கு நல்லதில்லை என்பதால்தான் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு, மூன்று மாத சோதனை என்று கேளுங்கள். மூன்று நாள் ஆபீஸ் என்று அவர்கள் இறங்கி வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் வரும் நாளில் நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இங்கேதான் உங்கள் ஆறு வருட அனுபவம் கைகொடுக்கும். நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பல்லாய்ஸ் மூவரும் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். குழுவினர் ஒரே கட்டடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது எழுதிய நிரல் மீது கிடைத்த திருத்தமும் யோசனையும் கணிசமாகக் கூடின, அதில் அதிகம் பயன் பெற்றவர்கள் இளையவர்களும் பெண்களும். ஆனால் சொல்லிக்கொடுத்த சீனியர்களின் சொந்த வேலை அந்தக் காலத்தில் குறைந்தது. இதை உங்கள் இடத்தில் வைத்துப் பாருங்கள். மெடிக்கல் கோடிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, டாக்டர் எழுதிய குறிப்பில் எது உறுதியான நோய், எது வெறும் சந்தேகம் என்று தெரியாமல் முழிக்கும்போது, பக்கத்து சீட்டில் அனுபவமுள்ளவர் இருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாட்டில் என்றால், கேட்கவே கூச்சப்பட்டு தப்பாகப் போட்டுவிட்டு ஆடிட்டில் மாட்டும். ஆபீசுக்கு உங்களைக் கூப்பிடுவதில் கம்பெனிக்கு நியாயமான லாபம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஆகவே அதையே பேரத்துக்கு வையுங்கள்: ஆபீஸ் வரும் நாட்களில் புதியவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன், அதை என் வேலையாகப் பதிவு செய்யுங்கள், அந்த நாட்களில் சார்ட் டார்கெட்டைக் குறையுங்கள். டார்கெட்டைக் குறைக்கச் சொல்வதை மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் சொல்லித்தந்த நேரத்துக்கும் ராத்திரி வீட்டில் உட்கார வேண்டி வரும். சொல்லித்தரும் பொறுப்பு எழுத்தில் இருந்தால் நாளைக்கு டீம் லீட் பதவிக்கு அதுவே உங்கள் சாட்சி.

மெயிலில் உங்கள் எண்களைப் போடுங்கள். கடந்த பன்னிரண்டு மாத சார்ட் எண்ணிக்கை, குவாலிட்டி ஸ்கோர், திரும்பி வந்த சார்ட் எத்தனை, அவ்வளவு போதும். சென்னை ஆய்வைப் பற்றி வாதாடி மேனேஜரைத் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள், எல்லார் முன்னாலும் ஸ்லைடு காட்டியவர் இறங்கி வரமாட்டார். 'நீங்கள் சொன்ன ஆய்வைப் படித்தேன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டு முறையைப் பற்றி நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இருக்கிறது, மூன்று மாதம் என்னை வைத்துப் பார்த்துவிட்டு என் எண்களைக் கொண்டே முடிவு செய்யுங்கள்' என்று எழுதுங்கள். கண்ணால் பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். ஷிஃப்ட் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளித் தரமுடியுமா என்பதையும் கேட்டுவையுங்கள். தாம்பரம் வரை ரயில், அப்புறம் பஸ் பிடித்து மேடவாக்கம் வழியாகப் பெருங்குடி என்று போகிறவருக்கு ஏழரைக்குக் கிளம்புவதும் எட்டரைக்குக் கிளம்புவதும் ஒன்றல்ல.

வீட்டில் இருக்கும் அந்த மூன்று நாளும் இப்போது மாதிரி ஓடக்கூடாது. ஒரு கதவாவது மூடிய இடம் வேண்டும். பகல் எட்டு மணி நேரம் பையன் வேறொருவர் பொறுப்பில் முழுசாக இருக்க வேண்டும், 'அம்மா உள்ளேதானே இருக்கா' என்ற பேச்சே எழக்கூடாது. மாமியாரால் முடியவில்லை என்றால் அரை நாள் டேகேர், இல்லையேல் மதியம் வரை ஒரு ஆள். கணவருக்கு ஷிஃப்ட் என்றால் பகலில் வீட்டில் இருக்கும் வாரங்கள் உண்டல்லவா, அந்த வாரங்களில் தூங்கி எழுந்த பிறகு பையனை அவர் பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சென்னை ஆய்வில் அந்த 27 சதவீத இழப்புக்குக் குழந்தையும் வீட்டுப் பொறுப்பும் ஒரு காரணம். கம்பெனியிடம் என்ன பேசினாலும் வீட்டுக்குள் இது மாறாவிட்டால் ராத்திரி பத்து மணி வேலை நிற்காது.

'விட்டுடு' என்று அவர் சொல்வது அக்கறையில்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கருத்து கண்டிப்பாக வேண்டாம் என்பதே. பெண்கள் குழந்தைக்காக நிறுத்திவிட்டு இரண்டு வருடம் கழித்து வரலாம் என்று நினைக்கிற வேலைக்கு, அதே சம்பளத்தில் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை இந்தத் தொழிலில் நான் தினமும் பார்க்கிறேன். மேற்கு வங்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், வெளியே ஆபீசுக்கு வரவேண்டிய வேலையென்றால் 15 சதவீதப் பெண்களே ஏற்றுக்கொண்டார்கள், அதே வேலையை வீட்டிலிருந்து நேரம் வளைத்துச் செய்யலாம் என்றதும் 48 சதவீதம் பேர் வந்தார்கள். அப்படி வீட்டிலிருந்து தொடங்கியவர்கள் பிறகு வெளியே போய்ச் செய்யும் வேலையையும் ஏற்க முன்வந்தார்கள். வேலையோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம். உங்களுக்கு அந்தத் தொடர்பு கையில் இருக்கிறது.

36,000 ரூபாய் வேலையைப் பற்றி. சம்பளத்தில் 14 சதவீதம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கால் சென்டர் வேலைக்கு வந்தவர்களிடம் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டிலிருந்து செய்யும் வசதிக்காகச் சராசரியாக 8 சதவீதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்று தெரியவந்தது. அது அவர்கள் கணக்கு, உங்கள் கணக்கை நீங்கள் போடுங்கள்: ரயில், பஸ், ஷேர் ஆட்டோ, டேகேர், வெளியே சாப்பிடுவது, இவற்றை இரண்டு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் தனித்தனியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஐந்து நாள் போனால் மாதம் 6,000க்கு மேல் செலவாகிறதென்றால் அந்த வேலை கையில் நிற்கும் பணத்தில் குறைவல்ல. ஆனால் பி.எஃப். குறையும், அடுத்த வேலைக்குப் பேசும்போது 36,000லிருந்துதான் பேச வேண்டி வரும், பதவி உயர்வு விஷயத்தில் ஷாங்காயில் பார்த்தது அங்கேயும் இருக்கலாம். அதோடு, வீட்டிலிருந்தே வேலை என்பது ஆஃபர் லெட்டரில் எழுத்தாக இருக்கிறதா, இல்லை எச்.ஆர். வாயால் சொன்னதா? எழுத்தில் இல்லை என்றால் ஆறு மாதம் கழித்து அங்கேயும் இதே மீட்டிங் நடக்கும், அப்போது சம்பளமும் குறைந்திருக்கும். தினசரி டார்கெட் எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் கேளுங்கள். சம்பளம் குறைத்து டார்கெட் ஏற்றுகிற இடமாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஒருவேளை உங்கள் கம்பெனி எதற்கும் மசியவில்லை என்றால், சொல்லிய தேதியிலிருந்து ஆபீசுக்குப் போய்விடுங்கள். போகாமல் வீட்டிலேயே லாக்-இன் செய்துகொண்டு எதிர்ப்பைக் காட்டாதீர்கள், அப்ஸ்காண்டிங், அதாவது சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர் என்று போட்டுவிட்டால் ரிலீவிங் லெட்டருக்கு அலைய வேண்டி வரும். போய்க்கொண்டே அந்த இன்னொரு வேலையைப் பேசுங்கள், எழுத்தில் எல்லாம் கிடைத்த பிறகு ராஜினாமா கொடுங்கள், நோட்டீஸ் பீரியடை முழுசாக முடியுங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை, அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கினால் கிட்டத்தட்ட எவ்வளவு வரும் என்று தெரியும். 30 நாளுக்குள் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.

மெயில் இந்த வாரமே போகட்டும், முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். மேனேஜருக்கு அனுப்பி எச்.ஆரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பகம் பற்றிய வரியைத் தனி மெயிலாக எச்.ஆருக்கு மட்டும் அனுப்புங்கள், இரண்டையும் ஒன்றாக வைத்தால் முதல் கோரிக்கை மிரட்டலாகத் தெரியும். பதில் என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.